சத்தம் நின்ற போர்க்களம்: பார்வையற்ற மாணவர்களுக்கு ‘ரான்’ திரையிட்டதைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்மாவட்டக் கலைக் கல்லூரி ஒன்றின் திரைப்பட மன்றத்தில் நடந்தது இது. மன்றம் மாதம் ஒரு படம் போடும். படம் முடிந்ததும் ஒரு மணி நேரம் பேச்சு. அந்தக் கல்லூரியில் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்கள் கணிசமாகப் படிக்கிறார்கள். தமிழ்ப் படம் என்றால் அவர்கள் கூட்டமாக வருவார்கள், வெளிநாட்டுப் படம் என்றால் ஒருவரும் வரமாட்டார்கள். காரணத்தை வரலாற்றுத் துறை மாணவர் ஒருவர் ஒரு கூட்டத்தில் நேராகவே சொன்னார்.

“தமிழ்ப் படம்னா பக்கத்துல இருக்கிறவன் காதுல சொல்லிருவான் சார். வெளிநாட்டுப் படம்னா கீழ ஓடுற எழுத்தைப் படிக்கவே அவனுக்கு நேரம் பத்தாது. எனக்கு எப்ப சொல்றது?”

அந்தப் பருவத்தில் மன்றம் எடுத்துக்கொண்டிருந்த பொருள் படத்தில் இசையும் காட்சியும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பது. பட்டியலில் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ரான்’ இருந்தது. 1985-இல் வந்த படம், 162 நிமிடம். ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் கதையையும், மூன்று அம்புகளைச் சேர்த்துக் கட்டினால் ஒடியாது என்று மகன்களுக்குக் காட்டியதாகச் சொல்லப்படும் ஜப்பானியப் பிரபு மோரி மொட்டோனாரியின் கதையையும் குரோசாவா ஒன்றாகப் பிசைந்திருப்பார். கிழட்டுப் பிரபு ஹிடெடோரா ஆட்சியை மூன்று மகன்களிடம் கொடுக்கிறார், மூத்தவர்கள் இருவரும் அவரைத் துரத்துகிறார்கள். மூத்தவன் டாரோவின் படைக்கு மஞ்சள், அடுத்தவன் ஜிரோவின் படைக்குச் சிவப்பு, இளையவன் சபுரோவின் படைக்கு நீலம். உடைகளை வடிவமைத்த எமி வாடாவுக்கு அதற்காக ஆஸ்கர் கிடைத்தது. இசை டோரு டகேமிட்சு.

கண்ணால் பார்த்தே தீரவேண்டிய படம் என்று பெயர் வாங்கியது இது. ‘இதைப் போய் அவர்களுக்கா?’ என்று மன்றத்திலேயே சிலர் கேட்டார்கள். வசனம் நிறைய உள்ள எளிய படமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் யோசனை. தமிழ்த்துறை விரிவுரையாளர் ஒருவர் பிறவியிலேயே பார்வையற்றவர். விஷயத்தை முடித்துவைத்தவர் அவர்தான். “எங்களுக்காகப் படத்தை மாத்தாதீங்க. நீங்க எதைப் பார்க்கப் போறீங்களோ அதையே எங்களுக்கும் போடுங்க. பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லிட்டுப் போறோம்.”

ஏற்பாடு

திரையில் நடப்பதைப் பார்வையற்றவர்களுக்குச் சொல்லிக்காட்டும் காட்சி விவரிப்பு என்பது புதிதல்ல. டோக்கியோவின் டபாட்டா பகுதியில் 2016-இல் தொடங்கிய ஒரு சின்னத் திரையரங்கு எல்லாக் காட்சிகளையும் காதொலி விவரிப்போடும் எழுத்து வசனத்தோடும் காட்டுகிறது. நம் நாட்டிலும் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் இதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஆனால் ஜப்பானியப் படத்துக்குத் தமிழ் விவரிப்பு வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு. அதிலும் வேலை இரண்டு மடங்கு. காட்சியைச் சொல்வதோடு வசனத்தையும் தமிழில் சொல்ல வேண்டும்.

எனவே இரண்டு குரல்கள் என்று முடிவானது. வசனத்தை ஒரு மாணவர் படிப்பார், காட்சியை ஒரு மாணவி சொல்வார். வசனம் படிப்பவர் நடிக்கக் கூடாது. மூலக் குரல் பின்னால் கேட்கும்போது கோபமும் அழுகையும் அங்கிருந்தே வந்துவிடும், இவர் பொருளை மட்டும் கொடுத்தால் போதும். ஹிடெடோராவாக வரும் தாட்சுயா நகாடாயின் கரகரத்த குரலுக்கு மேல் கல்லூரி நாடக விழாக் குரல் ஏறினால் என்ன ஆகும் என்பதை ஒத்திகையில் ஒரு தடவை கேட்டோம், போதும் என்றாகிவிட்டது.

பதிவுசெய்து போடலாமா, நேரில் பேசலாமா என்று பேச்சு வந்தபோது நேரில் பேசுவதையே எடுத்துக்கொண்டோம். பணம் ஒரு காரணம், காதொலிக் கருவிகள் வாங்க வசதியில்லை. இன்னொன்று, படம் நடுவில் தடைபட்டால் பதிவு செய்த குரலைத் திரும்பப் பொருத்துவது பெரிய பாடு. ஒரு விதத்தில் இது ஜப்பானின் பழைய வழக்கம்தான். அங்கே பேசாத படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்ன பென்ஷி கலைஞர்களுக்கு நடிகர்களைவிட மவுசு இருந்தது. குரோசாவாவின் அண்ணனே ஒரு பென்ஷி. பேசும் படம் வந்து அந்தத் தொழில் போனது, 1933-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். நம் ஊர்க் கொட்டகைகளிலும் அந்தக் காலத்தில் படத்தை விளக்கிச் சொல்ல ஆள் இருந்ததுண்டு. ஆனால் அவர்கள் பாணி எங்களுக்கு உதவாது. அவர்கள் சோகம், வீரம் எல்லாவற்றையும் தாங்களே ஊட்டினார்கள். எங்கள் விதி நேர் எதிர்: உணர்ச்சிச் சொல் கூடாது. ‘சோகமாகப் பார்க்கிறார்’ என்று வராது. ‘தலையைத் திருப்பிக்கொள்கிறார்’ என்றுதான் வரும்.

கல்லூரிப் பயன்பாட்டுக்கான திரையிடல் என்பதால் மாணவர்கள், ஆசிரியர்கள் தவிர வெளியாரை அழைக்கவில்லை. அந்த எல்லையை மீறக் கூடாது என்று முதலிலேயே எழுதிவைத்துக்கொண்டோம்.

ஒத்திகையில் தெரியவந்தவை

எழுதியதைச் சரிபார்க்க இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். ஒருவர் மேலே சொன்ன விரிவுரையாளர். மற்றவர் பள்ளி நாட்களில் பார்வை இழந்த இரண்டாம் ஆண்டு மாணவி. நிறமும் முகமும் அவருக்கு நினைவில் இருக்கின்றன. இருவரும் ஒரே காட்சிக்கு வேறு வேறு மாதிரி பதில் சொன்னார்கள், வேலைக்கு உதவியது அதுதான்.

முதலில் நிறம். பிறவியிலேயே பார்வையில்லாதவருக்கு மஞ்சள், சிவப்பு என்று சொல்லி என்ன பயன் என்று மன்றத்தில் ஒருவர் ஒரு யோசனை வைத்திருந்தார். பருத்தி, பட்டு, சணல் என மூன்று துணித் துண்டுகளை எல்லோர் கையிலும் கொடுத்து, மகனுக்கு ஒரு துணி என்று தொட்டுப் பார்க்கச் செய்யலாம். நல்ல எண்ணம்தான். விரிவுரையாளர் சிரித்துவிட்டார். “மஞ்சள்னா மஞ்சள்னே சொல்லுங்க. நான் முப்பது வருஷமா மஞ்சளோடதான் வாழ்ந்துட்டிருக்கேன். கையில துணியை வெச்சுக்கிட்டு எது பருத்தி, எது பட்டுன்னு தேடிக்கிட்டிருந்தா படம் போயிரும்.” துணி யோசனை அன்றே கைவிடப்பட்டது. பதிலாக, ஒரு படையைச் சொல்லும்போதெல்லாம் அதன் நிறத்தைத் தவறாமல் சொல்வது என்று வைத்துக்கொண்டோம்.

அடுத்தது நாங்கள் எதிர்பாராதது. டாரோவின் மனைவி கயேடே அந்தப் படத்தின் விஷம். அவள் நடக்கும்போது நீண்ட பட்டு உடை தரையில் உரசி ஒரு சீறல் வரும். பலமுறை படம் பார்த்திருந்த எங்களில் யாரும் அதைத் தனியாகக் கவனித்ததில்லை. கயேடே இரண்டாவது முறை வந்தபோதே மாணவி, “அவதானே?” என்று கேட்டார். விவரிப்பில் அவள் பெயர் இன்னும் வந்திருக்கவில்லை. அதன் பிறகு கயேடே நுழையும் இடங்களில் எல்லாம் பெயரைப் பின்னுக்குத் தள்ளினோம். முதலில் பட்டு கேட்கட்டும், பிறகு வேண்டுமானால் பெயர்.

மூன்றாவதுதான் உண்மையான சிக்கல், மூன்றாம் கோட்டைப் போர். அதற்குத் தனித் தலைப்பே வேண்டும்.

மூன்றாம் கோட்டைக் காட்சி

ஹிடெடோராவும் அவருடைய சிறு படையும் மூன்றாம் கோட்டைக்குள் இருக்கிறார்கள். டாரோவின் மஞ்சள் படையும் ஜிரோவின் சிவப்புப் படையும் ஒரே நேரத்தில் தாக்குகின்றன. கொஞ்ச நேரத்தில் களத்தின் சத்தம் முழுக்க மறைகிறது. குதிரை, வெடி, அலறல் எதுவும் இல்லை. டகேமிட்சுவின் இசை மட்டும், மெதுவாக, தாழ்ந்து, விட்டு விட்டு அழுகிற மாதிரிப் போகிறது. படத்தில் படுகொலை தொடர்கிறது. மஞ்சள் கொடியும் சிவப்புக் கொடியும் புகைக்குள் ஓடுகின்றன. ஒரு வீரன் தன் வெட்டுண்ட கையை மறு கையில் பிடித்திருக்கிறான். அந்தப்புரப் பெண்கள் ஒருவரை ஒருவர் குத்திக்கொள்கிறார்கள். மேலே ஹிடெடோரா அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். நிமிடக்கணக்கில் இப்படியே ஓடி, டாரோவின் முதுகில் துப்பாக்கிக் குண்டு பாயும்போது ஒரே வெடி. அந்த நொடியில் சத்தமெல்லாம் திரும்பிக் கொட்டுகிறது. சுட்டது ஜிரோவின் ஆள்.

இது படத்தொகுப்பு மேசையில் தோன்றிய யோசனை அல்ல. திரைக்கதையிலேயே இந்த இடம் நரகத்தைத் தீட்டிய சுருள் ஓவியம் போல விரிய வேண்டும், இயல்பான ஒலி எதுவும் இருக்கக் கூடாது, இசை புத்தரின் மனம் வேதனையில் துடிப்பது போல் வர வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. குரோசாவா ஐரோப்பிய இசையமைப்பாளர் மாலரின் சாயலை விரும்பினார், டகேமிட்சுவுக்கு அது ஒப்பவில்லை, இருவருக்கும் உரசல் வந்தது. இந்தப் படத்துக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து வேலை செய்யவில்லை. உரசலிலிருந்து வந்த இசை என்று நினைத்துக் கேட்டால் அதில் ஒரு பிடிவாதம் தெரியத்தான் செய்கிறது. இது என் தனிப்பட்ட கருத்து.

விவரிப்பின் முதல் வடிவம் எல்லாவற்றையும் சொன்னது. யார் விழுந்தார், அம்பு எங்கே பாய்ந்தது, கொடி எந்தப் பக்கம் போனது, ஒன்றும் விடவில்லை. கேட்டுமுடித்த விரிவுரையாளர், “கிரிக்கெட் கமென்ட்ரி நல்லா இருந்துச்சு. ஆனா பின்னாடி யாரோ அழுதுக்கிட்டிருந்தாங்களே, அதைக் கேக்கவே விடலையே” என்றார்.

அடுத்தது எதிர்முனை. சத்தம் மறைந்ததும் நாங்களும் வாயை மூடிக்கொண்டோம், இசை தன் வேலையைச் செய்யட்டும் என்று. சிறிது நேரம் போனதும் மாணவி கேட்டார்: “சண்டை முடிஞ்சிருச்சா மேடம்? எல்லாரும் செத்துட்டாங்களா?” விரிவுரையாளர் ஒலிபெருக்கியில் ஏதோ கோளாறு என்றே நினைத்திருக்கிறார்.

அந்தக் கேள்விதான் காட்சி எப்படி வேலை செய்கிறது என்பதை எங்களுக்குத் திறந்து காட்டியது. அந்த இசையைத் தனியாகக் கேட்டால் துக்க இசை, அவ்வளவுதான். அந்தப் படங்களை வாள் சத்தத்தோடு பார்த்தால் இன்னொரு போர்க் காட்சி. கண் வெறியாட்டத்தைப் பார்க்க, காது இரங்கலைக் கேட்க, இரண்டும் ஒட்டாமல் நிற்கின்றன. நம்மை உலுக்குவது அந்த ஒட்டாமை. முதல் வடிவம் இசையை விழுங்கியது, அடுத்தது படத்தை விழுங்கியது. இரண்டிலும் அந்த இடைவெளி காணாமல் போயிருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இறுதி வடிவத்துக்கு நான்கு விஷயங்களை முடிவுசெய்தோம்.

சத்தம் மறையும் இடத்தில் மூன்று சிறு வாக்கியங்கள்: “சத்தம் மறைகிறது. போர் நிற்கவில்லை. படத்தில் எல்லாம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.” இது காட்சி விவரிப்பின் வழக்கத்துக்குக் கொஞ்சம் மாறானது. காதுக்கே தெரிவதை எடுத்துச் சொல்லக் கூடாது என்பார்கள். ஆனால் படம் தொடர்கிறது என்பது காதுக்குத் தெரியாது, அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று வாதிட்டவர்கள் பக்கம் முடிவு போனது.

பிறகு, இசை மூச்சு விடும் இடங்களில் மட்டும் ஒவ்வொரு வரி. “மஞ்சள் கொடிகள். புகை. பின்னால் சிவப்பு.” நீண்ட இடைவெளி. “ஒரு வீரன். வெட்டுண்ட தன் கையை மறு கையில் பிடித்திருக்கிறான்.” மறுபடி இடைவெளி. “இரண்டு பெண்கள், எதிரெதிரே. ஒருவரை ஒருவர் குத்துகிறார்கள்.” “மேல்மாடம். சுவரைத் துளைத்து அம்புகள். ஹிடெடோரா அசையவில்லை.” வினைச்சொற்கள் எல்லாம் நிகழ்காலம். ‘கொடூரமான’, ‘பரிதாபமான’ என்று எதுவும் கிடையாது.

கடைசிப் பகுதியில் ஒரு சொல்லும் இல்லை. டாரோ குதிரையில் வருவதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது. துப்பாக்கியை முன்கூட்டி அறிவிக்கக் கூடாது. இதில் கருத்து வேறுபாடு இருந்தது. திடீர் வெடி சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, எச்சரிக்கலாமே என்றார்கள். படம் தொடங்குமுன் பொதுவாக ‘பலத்த ஓசைகள் உண்டு’ என்று சொல்லிவிட்டு, இடத்தைக் காட்டிக்கொடுக்காமல் விட்டோம்.

நான்காவது, இடைவேளையை இந்தக் காட்சிக்குப் பிறகு வைப்பது. சத்தம் திரும்பியதும் ஹிடெடோரா வயிற்றைக் கிழித்துக்கொள்ள வாளைத் தேடுவார், உடைந்திருக்கும். எரியும் கோபுரத்தின் படிகளில் தனியாக இறங்கி வருவார், இரண்டு படைகளும் விலகி வழிவிடும். ஃபுஜி மலைச் சரிவில் கோட்டையை நிஜமாகவே கட்டி நிஜமாகவே எரித்து எடுத்த காட்சி. அவர் வாசலைத் தாண்டியதும் விளக்கு.

அறிமுக உரையில் ஒரு விஷயத்தை வேண்டுமென்றே தவிர்த்தோம். இந்தப் படத்தை எடுத்த காலத்தில் குரோசாவாவுக்கே பார்வை வெகுவாக மங்கியிருந்தது. அதைச் சொல்லித் தொடங்கலாம் என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்திருந்தார். மாணவி ஒரே வரியில் மறுத்தார்: “அதைச் சொன்னா எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்ப்பாங்க.” எடுத்துவிட்டோம்.

திரையிடல் நாள்

கருத்தரங்கக் கூடத்தில் அறுபது பேர் அளவில் இருந்தார்கள். அவர்களில் பார்வையற்ற மாணவர்கள் பதினைந்து பேர் இருக்கலாம். விவரிப்பு ஒலிபெருக்கியை முன்வரிசைப் பக்கம் வைத்தோம், படத்தின் ஒலி வழக்கமான இடத்திலிருந்தே வந்தது. மெல்லிய இசைப் பகுதிகளை மின்விசிறிச் சத்தம் அமுக்கியதால் பாதி விசிறிகளை அணைக்க வேண்டியிருந்தது. பின்வரிசையிலிருந்து முணுமுணுப்பு வந்தது, அப்புறம் அடங்கியது.

தொடக்கத்தில் பச்சை மலைகளில் குதிரை வீரர்கள் அசையாமல் நிற்கும் காட்சியில் பார்வையுள்ள மாணவர்கள் சிலர் விவரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள். ‘அதான் தெரியுதே’ என்கிற சிரிப்பு. சபுரோ மூன்று அம்புகளையும் முழங்காலில் வைத்து ஒடிக்கும்போது அது நின்றுபோயிருந்தது.

கயேடே வந்ததும் முன்வரிசையில் ஒரு குரல், “வந்துட்டா.” அதற்குப் பிறகு அவள் நுழையும்போதெல்லாம் முன்வரிசைதான் முதலில் அசைந்தது. பார்வையுள்ளவர்களுக்கு அவள் கதவைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் தெரிந்தது. ஜிரோவிடம் அழுதுகொண்டே ஒரு அந்துப்பூச்சியை விரலால் நசுக்குவாள். அந்த இடத்தில் விவரிப்பு மூன்றே சொற்கள்தான்: “விரல்களுக்கிடையில் அந்துப்பூச்சி. நசுக்குகிறாள்.” பொய் அழுகை என்பது அந்த வரியிலேயே முன்வரிசைக்குப் புரிந்துவிட்டது, சிரிப்பு வந்தது.

போர்க் காட்சியில் நான் திரையைவிடக் கூடத்தைத்தான் அதிகம் கவனித்தேன். பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்லிப் படம் பார்க்கும்போது பார்வையற்றவரின் எதிர்வினை எப்போதும் ஒரு கணம் பிந்தித்தான் வரும். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அவர் சிரிப்பார். துப்பாக்கி வெடித்தபோது கூடம் மொத்தமும் ஒன்றாக அதிர்ந்தது. முன்வரிசை பிந்தவில்லை. நாங்கள் செய்த வேலையில் எது பலித்தது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

எல்லாம் சரியாகப் போகவில்லை. பிற்பகுதியில் ஒரு குடிசைக் காட்சி. ஹிடெடோரா முன்பொரு காலத்தில் கண்களைப் பிடுங்கவைத்த சுருமாரு அங்கே தனியாக வாழ்கிறான். வந்திருப்பது யாரென்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. விருந்தாளிக்குக் கொடுக்க வேறெதுவும் இல்லை என்று புல்லாங்குழல் வாசிக்கிறான். ஜப்பானிய வசனம் குறுகியது, எங்கள் தமிழ் வாக்கியம் நீண்டது. அதனால் குழலின் முதல் இழை தமிழ் வசனத்துக்கு அடியில் போய்விட்டது. படத்தின் முக்கியமான ஒலிகளில் ஒன்று அது.

கடைசிக் காட்சி

இதைப் பற்றி ஒத்திகையிலேயே நிறைய விவாதம் நடந்தது. எல்லோரும் செத்துப்போன பிறகு படத்தின் முடிவில் மிஞ்சுவது சுருமாரு. இடிந்த கோட்டைச் சுவரின் மேல் தனியாகக் கோலை ஊன்றி நடந்து விளிம்புக்கு வருகிறான். அடுத்த அடியில் தரை இல்லை. தடுமாறிப் பின்வாங்குகிறான். அக்கா கொடுத்த அமிதா புத்தர் படச் சுருள் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்து விரிகிறது. தூரத்திலிருந்து, அந்தி வானத்துக்கு எதிரே சின்ன உருவமாக அவன் நிற்பதோடு படம் முடிகிறது.

விவரிப்பின் முதல் எழுத்தில் ‘பாவம்’ என்று தொடங்கும் ஒரு வரி இருந்தது. விரிவுரையாளர் அதை அடித்துவிட்டு இன்னொன்றையும் சொன்னார்: கோல் எந்த இடத்தில் வெறுமையைத் தொடுகிறது, கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு பின்வாங்குகிறான் என்பதைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். “வானம் எப்படி இருந்தா எனக்கென்ன? கோல் எங்க இருக்குன்னு சொல்லுங்க.” வானத்தையும் ஒரு வரியாக வைத்தோம், ஆனால் கோல் முதலில் வந்தது.

பார்வையற்றவர்கள் கூடியிருக்கும் அரங்கில் இப்படி ஒரு முடிவைப் போடுவது குறித்து முன்னெச்சரிக்கை தேவையா என்ற கேள்விக்கு, கதையில் அப்படி ஒரு பாத்திரம் உண்டு என்று மட்டும் அறிமுகத்தில் சொன்னோம். முடிவைச் சொல்லவில்லை.

அதன் பின்

பேச்சு ஒரு மணி நேரத்தைத் தாண்டிப் போனது. முதலில் எழுந்தவர் கோபமாக இருந்தார். “எந்த ஊர் சினிமாவா இருந்தாலும் கண்ணு தெரியாதவன் கடைசியில விளிம்புலதான் நிக்கணுமா? ஒட்டுமொத்த மனுஷ குலமும் கதியத்துப் போச்சுன்னு காட்ட எங்க ஆளுதான் கிடைச்சானா?” கூடத்தில் கொஞ்சம் சங்கடமான அமைதி. பதில் சொல்ல எங்கள் தரப்பிலிருந்து யாரும் அவசரப்படவில்லை. பதில் முன்வரிசையிலிருந்தே வந்தது. “டேய், அவன் விழலையே. கோல் சொல்லிருச்சு, நின்னுட்டான். கண்ணு தெரிஞ்சவங்க அத்தனை பேரும் அதுக்குள்ள வெட்டிக்கிட்டுச் செத்துட்டாங்க. பயந்தது பார்த்துக்கிட்டிருந்தவங்கதான்.” இரண்டு பேரும் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. என்னைக் கேட்டால் இரண்டிலுமே நியாயம் இருக்கிறது. குரோசாவா பார்வையின்மையைக் குறியீடாகத்தான் பயன்படுத்துகிறார், அதில் சந்தேகமில்லை.

போர்க் காட்சி பற்றிய பேச்சில்தான் நாங்கள் திட்டமிடாத ஒன்று வெளிவந்தது. நிறங்கள் உதவினவா என்று கேட்டதற்கு ஒரு மாணவர் இப்படிச் சொன்னார்: “மஞ்சள் பெரியவன், சிவப்பு அடுத்தவன், அது போதும் சார். ஆனா சத்தம் போச்சு பாருங்க, அதான் விஷயம். உங்களுக்குச் சத்தம் போனா படம் இருக்கு. எனக்குச் சத்தம் போனா இடமே போயிருது. கோட்டை எவ்வளவு பெருசு, குதிரை எந்தப் பக்கம், எல்லாம் எனக்குச் சத்தம்தான். அது மொத்தமா போயி அந்தப் பாட்டு மட்டும் கேட்டப்ப, செத்துட்டா இப்படித்தான் இருக்குமோன்னு நினைச்சேன்.”

நாங்கள் அவர்களுக்கு ஏதோ குறைகிறது, அதை விவரிப்பால் நிரப்பப்போகிறோம் என்ற எண்ணத்தில்தான் வேலையைத் தொடங்கினோம். இந்த ஒரு இடத்திலாவது கணக்கு தலைகீழாக இருந்தது. ஒலியை எடுத்துவிடுவது பார்வையுள்ளவருக்கு ஒரு பாணி. ஒலியால் இடம் அறிகிறவருக்குக் கோட்டை இடிவதற்கு முன்பே இடம் இடிந்துவிடுகிறது.

பள்ளி நாட்களில் பார்வை இழந்த மாணவி வேறு மாதிரி சொன்னார். மஞ்சள் கொடி என்றதும் ஊர்த் திருவிழாக் கொடிதான் நினைவில் வந்ததாம், புகைக்குள் சிவப்பு என்று கேட்ட பிறகு அந்தத் திருவிழாவே பயமாக மாறிவிட்டதாம். நினைவில் நிறம் உள்ளவருக்கு ஒரு சொல் எத்தனை படத்தை எழுப்புகிறது என்பதற்கு இது சாட்சி. விவரிப்பில் வரிகள் குறைவாக இருந்ததால்தான் அதற்கு நேரம் கிடைத்தது.

பார்வையுள்ள மாணவர்களிடம் கருத்து பிளவுபட்டது. சிலருக்கு விவரிப்பு இடைஞ்சல். வேறு சிலர், கையைப் பிடித்திருந்த வீரனை அந்த வரி இல்லாவிட்டால் கவனித்திருக்கவே மாட்டோம் என்றார்கள்.

அடுத்த மாதத்திலிருந்து முன்வரிசை காலியாக இல்லை. விவரிப்பு எழுதும் குழுவில் பார்வையற்ற மாணவர்கள் இருவர் சேர்ந்தார்கள். ஒத்திகையில் ‘இது தேவையில்லை’ என்று வெட்டுவதுதான் அவர்கள் வேலை, நன்றாகவே வெட்டுகிறார்கள். கோபமாகப் பேசிய மாணவரும் அவர்களில் ஒருவர்.

மாற்ற வேண்டியவை

தமிழ் வசனத்தை மூலத்தின் நீளத்துக்குள் அடக்கி எழுத வேண்டும். பொருள் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை, குழலின் முதல் இழை போகக் கூடாது. இதற்காக, எழுதுவதற்கு முன்பே படத்தின் ஒலியை மட்டும் தனியாகக் கேட்டு, எந்த ஒலியை மறைக்கவே கூடாது என்று ஒரு பட்டியல் போடுகிறோம். அந்தப் பட்டியலைப் பார்வையற்ற மாணவர்களே தயாரிக்கிறார்கள். பட்டுச் சத்தத்தைக் கேட்டவர்கள் அவர்கள்தானே.

162 நிமிடத்துக்கு இரண்டு குரல்கள் போதவில்லை. கடைசி அரை மணியில் விவரிப்பவரின் தொண்டை கட்டிவிட்டது. நீளமான படம் என்றால் இடைவேளையில் ஆள் மாற வேண்டும். ஒலிபெருக்கிக்குப் பதில் காதொலி கிடைத்தால் விவரிப்பு இடைஞ்சல் என்றவர்களின் குறையும் தீரும், அதற்கான விண்ணப்பம் கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறது.

“சத்தம் மறைகிறது. போர் நிற்கவில்லை” என்ற வரி இன்னும் தீர்மானமாகவில்லை. அது இல்லாவிட்டால் புதிதாகக் கேட்பவர் ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார் என்கிறார் விரிவுரையாளர். அந்த வரிதான் தன்னிடமிருந்து பாதிப் பயத்தைப் பறித்துக்கொண்டது என்கிறார் ‘இடமே போயிருது’ என்று சொன்ன மாணவர். அடுத்த ஆண்டு புதிய மாணவர்களுக்கு இதே படத்தை மறுபடி போடும்போது அந்த வரியை அறிமுக உரைக்கு மாற்றிவிட்டு, காட்சியில் ஒன்றும் சொல்லாமல் விட்டுப் பார்ப்பதாக இருக்கிறோம்.